கணக்கு வாத்தியாருக்கு நேர்ந்துவிட்ட பி.டி. பீரியட்

எழுமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடை. போன வாரம் அங்கே ஒரு தகப்பனார் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். மகன் ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் விடுகிறார்களாம். “ஓடித் திரியவாண்ணே பணத்தக் கட்டிச் சேத்துவிட்டோம்? அந்த நேரத்துல கணக்குப் போட்டா நாலு மார்க் கூட வரும்ல?” கேட்டவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மாடிப்படி ஏறினாலே பையனுக்கு மூச்சு வாங்குகிறது, உசிலம்பட்டி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னவரும் அதே தகப்பனார்தான்.

விளையாடினால் படிப்பு கெட்டுவிடுமாம். சக்கிமங்கலம் ரேவதியிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். மதுரைக்குக் கிழக்கே இருக்கிற ஊர் சக்கிமங்கலம். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர் ரேவதி வீரமணி. பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கண்ணன் கைதூக்கிவிட்டார். லேடி டோக் கல்லூரியில் படிப்பு, ரயில்வேயில் வேலை, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். இதில் கெட்டுப்போன படிப்பு எது?

அரசுப் பள்ளிகளுக்குப் பணம் தரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்றே ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 என்று 2018-லேயே வரையறுத்தார்கள். ஐயாயிரத்தை 220 பள்ளி நாட்களுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 23 ரூபாய்கூடத் தேறாது. சரி, அந்தக் காசுக்கு ஸ்கிப்பிங் கயிறும் ரிங் பாலும் கேரம் போர்டும் வருகின்றன. வந்த வேகத்தில் பீரோவுக்குள் போகின்றன. பந்து தொலைந்தால் ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது? தொலையாத பந்துதான் நல்ல பந்து.

2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் வாய்விட்டுக் கேட்கும் அளவுக்குக் கடன் பெருகியிருக்கிறது. வாங்கியவர் ஒருவரும் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி இல்லை.

இன்னொரு சமாதானமும் உண்டு: குண்டாவதெல்லாம் பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகள்தான், நம்ம ஊர்ப் புள்ளைகள் ஒல்லி. புனே மருத்துவர் யாக்னிக் 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் யுட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்று. உடம்பிலுள்ள கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9 சதவீதம், நம் யாக்னிக்குக்கு 21. ஒல்லி என்று தட்டிக்கொடுப்பதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்ப்பது நல்லது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை. இவர்களும் ஒரு காலத்தில் பி.டி. பீரியடில் இம்போசிஷன் எழுதியவர்கள்தானே!

ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் பிள்ளைகள் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு வாசலில் வேன் ஏறி, பள்ளி வாசலில் இறங்கி, சாயங்காலம் டியூஷனுக்கு அப்பாவின் பைக்கில் போகிற பிள்ளைக்கு எந்த 60 நிமிடம்? மலையடிவாரத்து ஊரில் பிறந்தும் அது மலையை வேன் ஜன்னலில்தான் பார்க்கிறது.

அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக் காளைகள் ஓட 60 கோடிக்கு மேல் செலவழித்து அரங்கம் கட்டி 2024 ஜனவரியில் திறந்தார்கள். காளை ஓடட்டும், வேண்டாம் என்பார் இல்லை. அதே ஆண்டில் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. நிறுத்தியது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துப் பணம்; பந்து வாங்குகிற பணமும் அதில்தான் வருகிறது. அந்த ஒப்பந்தத்தோடு வந்த மும்மொழிச் சண்டையில் பந்து என்ன பாவம் செய்தது?

மார்க் மார்க் என்கிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஒன்று: தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரேவதி டிக்கெட் வாங்கி ரயில்வேக்குள் போகவில்லை, ஓடித்தான் போனார்.

ஓட வைக்க ஆள்? ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தொண்ணூறு பேர் படிக்கும் பள்ளிக்கு உடம்பு கிடையாது போலும். தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கும் ஊருக்கும் ஓடிய ஓட்டத்துக்கு எந்த ஒலிம்பிக்கிலும் பிரிவு இல்லை.