பதிலுக்கும் கணக்கு கேட்போம்

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடற்கரையை ஒட்டியே மத்திய, மாநில அரசுகளின் மூன்று பெரிய துறைகள் தடம் பதித்திருக்கின்றன. 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடந்தது. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. கல்பாக்கத்தில் 1980-கள் முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது. அதன் பக்கத்திலேயே 500 மெகாவாட் அதிவேக ஈனுலை எழுந்திருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகும் இந்த ஊர்கள் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள்தான் இருக்கின்றன. எனவே, பாதுகாப்பு, விளையாட்டு, எரிசக்தி பற்றி டெல்லியில் அமைச்சர்கள் சொல்லும் பதில் பட்டுத் தறிக்கும் கோயில் வீதிக்கும் அப்பாற்பட்ட சங்கதி அல்ல.

நம் அவைகளில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அமைச்சர் சொன்ன பதில் பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். கேள்வி நேரத்தின் உயிர் கேள்வியில் பாதிதான். மீதிப் பாதி அந்தப் பதிலைத் துரத்துவதில் இருக்கிறது.

துணைக் கேள்வியின் வலிமை

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். குறியிடாத கேள்விக்கு எழுத்துமூலப் பதில் அவையில் வைக்கப்படும், அத்தோடு சரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துணைக் கேள்விதான். பதினைந்து நாள் அவகாசத்தில் அதிகாரிகள் எழுதித் தந்த பதிலை யாரும் வாசித்துவிடலாம். வாசித்து முடித்த கணமே எழும் துணைக் கேள்விக்கு, துறையை அறிந்த அமைச்சர்தான் பதில் சொல்ல முடியும்.

இதன் வலிமையை 1957-ல் நாடு கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆயுள் காப்பீட்டுத் துறை நாட்டுடைமை ஆகியிருந்தது. எல்ஐசியின் பணம் ஒரு தனியார் முதலாளியின் நிறுவனங்களுக்குப் போனதா என்று ராம் சுபக் சிங் மக்களவையில் கேட்டார். முதலில் வந்த பதில் பிடிகொடுக்கவில்லை. பெரோஸ் காந்தி விடவில்லை; ஆளுங்கட்சிக்காரராக இருந்தும், பிரதமர் நேருவின் மருமகனாக இருந்தும் ஆவணங்களோடு திரும்ப வந்தார். ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் போடப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. நீதிபதி எம்.சி.சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தமிழ்நாட்டிலிருந்து சென்று நாட்டின் நிதியை ஆண்டவரை நாற்காலியிலிருந்து இறக்கியது, விடாமல் தொடரப்பட்ட ஒரு கேள்வி.

இன்று அந்தத் தொடர்ச்சிக்குத்தான் இடம் குறைந்துவிட்டது. 20 கேள்விகள் பட்டியலில் இருந்தாலும், பல நாள்களில் நான்கைந்துக்கு மேல் வாய்மொழிப் பதில் கிடைப்பதில்லை. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் இல்லை. 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டது. எழுத்துமூலப் பதில்கள் மட்டும் வந்தன. பதில் வந்தது, பதிலைக் குறுக்கே நிறுத்திக் கேட்கும் உரிமை வரவில்லை.

மூன்று துறை, மூன்று தப்பும் வழி

பாதுகாப்புத் துறையில் தப்பும் வழியின் பெயர் ரகசியம். 2016 நவம்பரில் மக்களவைக்கு அளித்த எழுத்துமூலப் பதிலில், ஒரு ரஃபேல் விமானத்தின் விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என்றார் அன்றைய இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே. 2018 பிப்ரவரியில், பிரான்ஸுடன் 2008-ல் செய்துகொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி, விலை விவரம் தர இயலாது என்று மாநிலங்களவையில் பதிலளித்தார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். வெறும் விமானத்தின் விலை வேறு, ஆயுதங்களோடு சேர்ந்த விலை வேறு என்பது அரசின் வாதம். விசாரணை கோரிய மனுக்களை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொள்முதல் சரியா தவறா என்பதற்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. எது ரகசியம், எது ரகசியமில்லை என்ற கோட்டை, பதில் சொல்ல வேண்டிய அமைச்சரே ஒவ்வொரு முறையும் தனக்கு வேண்டிய இடத்தில் வரைந்துகொள்ளலாமா என்பதே கேள்வி.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் நாடு பலவீனப்படும் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1959-ல் எல்லைச் சிக்கல் பற்றி உறுப்பினர்கள் நெருக்கிய பிறகே, சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை நேரு அரசு வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. 1962 போரின்போது கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால், சண்டை நடந்துகொண்டிருந்த நவம்பர் மாதத்திலேயே மக்களவை கூடியது. 165 உறுப்பினர்கள் போரைப் பற்றிப் பேசினார்கள். அதனால் எந்த ராணுவ ரகசியமும் எதிரிக்குப் போய்விடவில்லை. தயாரிப்பில்லாமல் படையை அனுப்பியது யார் பொறுப்பு என்பதுதான் மக்களுக்குத் தெரிந்தது.

விளையாட்டில் தப்பும் வழி, ‘அது என் துறை அல்ல’ என்பது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33-வது இனத்தில் இருக்கிறது. ஊரில் மைதானம் இல்லையே என்று கேட்டால், விளையாட்டு மாநிலப் பொருள் என்று மத்திய அமைச்சரின் பதில் தொடங்கும். மாநிலத்தில் கேட்டால், மத்திய நிதி வரவில்லை என்பார்கள். விளையாட்டுக் கூட்டமைப்பின் ஊழலைப் பற்றிக் கேட்டால், அது தன்னாட்சி அமைப்பு என்ற பதில் வரும். மூன்று வாசலையும் தட்டிவிட்டு விளையாட்டுப் பிள்ளை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால், சரியாகக் கேட்டால் இங்கேயும் உண்மை வரும். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு 2022-ல் நாடாளுமன்றத்தில் வந்த பதில், குஜராத்துக்கு 600 கோடி ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்கு 33 கோடி அளவில் என்று காட்டியது. எந்த மேடைப் பேச்சும் செய்ய முடியாததை அந்த ஒரு அட்டவணை செய்தது. அதே ஆண்டு மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு மாநில அரசு ஏறத்தாழ 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. உலகம் மெச்சிய விழா அது. விழா முடிந்த பிறகு அந்தக் கடற்கரையைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் சதுரங்கப் பயிற்சி பெறுகிறார்கள் என்பது அதன் துணைக் கேள்வி. அதைச் சட்டப்பேரவையில் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

எரிசக்தியில் தப்பும் வழி காலம். கல்பாக்கம் அதிவேக ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது; 2010-ல் முடியும் என்றார்கள். மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். பிறகு அது 5,677 கோடி ஆனது. உலையின் மையத்தை நிரப்பும் பணியைப் பிரதமர் நேரில் பார்வையிட்டது 2024 மார்ச்சில். இடைப்பட்ட ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோதெல்லாம் ஒரு புதிய ஆண்டு பதிலாக வந்தது. இந்த அளவில் இந்தியாவிலேயே முதன்முறையாகச் செய்யும் தொழில்நுட்பத்தில் தாமதம் இயல்பு. அதைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய பதிலில் சொன்ன ஆண்டு ஏன் தவறியது என்பதைச் சொல்லாமலே அடுத்த ஆண்டைச் சொல்வதுதான் குற்றம். அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. அவையில் அதற்குப் பதில் சொல்பவர் பெரும்பாலும் இணையமைச்சர். பிரிட்டனில் அவை கூடும் ஒவ்வொரு புதன்கிழமையும் பிரதமர் அங்கே நின்று பதில் சொல்கிறார். நம் அவைகளில் அப்படி ஒரு நேரமே இல்லை. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் அணுமின் துறையில் தனியாருக்கும் வழி திறந்துவிட்ட நிலையில், ‘வணிக ரகசியம்’ என்ற நான்காவது தப்பும் வழியும் சேரக்கூடும்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் வாக்குறுதி

இந்தத் தப்பும் வழிகளை அடைக்க ஒரு கதவு ஏற்கெனவே இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. 1953-ல் மக்களவை அரசு உறுதிமொழிக் குழு ஒன்றை அமைத்தது. அமைச்சர் அவையில் தரும் ஒவ்வோர் உறுதிமொழியையும் அந்தக் குழு பதிவுசெய்து தொடர வேண்டும். மூன்று மாதத்துக்குள் அது நிறைவேற வேண்டும் என்பது விதி. உறுதிமொழி எனக் கருதப்படும் சொற்றொடர்களின் பட்டியலும் உண்டு. ‘விவரம் திரட்டப்படுகிறது’, ‘கவனிக்கப்படும்’ என்பவையும் அதில் அடங்கும். நாம் மழுப்பல் என்று நினைத்துச் சலித்துக்கொள்ளும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதும்கூட அதில் இருக்கிறது. அமைச்சர் அதைச் சொன்ன கணமே அவர் பெயரில் கடன் ஏறிவிடுகிறது.

தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் இப்படி ஒரு குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு வந்து ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வும் நடத்துகிறது. மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு புகைப்படம் வரும். எந்த உறுதிமொழி நிறைவேறியது, எது கிடப்பில் கிடக்கிறது, எதைக் கைவிடச் சொல்லி எந்தத் துறை கேட்டிருக்கிறது என்ற பட்டியல் மக்கள் கைக்கு வருவதில்லை.

பேரவையின் நாள்களும் போதவில்லை. ஆண்டுக்கு 100 நாள் பேரவை கூடும் என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி அளித்தது. ஆட்சிக்கு வந்த பின் அந்த எண்ணிக்கையை நெருங்கக்கூட இல்லை. 2022 ஜனவரியில் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் வந்தது நல்ல தொடக்கம். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 ஆனது. அது எத்தனை தறி வீடுகளுக்குச் சேர்ந்தது என்று எரிசக்தி அமைச்சரைக் கேட்க நாள் வேண்டும், நேரம் வேண்டும்.

உத்திரமேரூர் எழுதி வைத்த விதி

காஞ்சிபுரத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தல் முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் அதைக் குறிப்பிட்டார். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பொ.ஆ. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் தேர்தலோடு நின்றுவிடவில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டாமல் போனால், அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதி இழப்பார்கள் என்கின்றன. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே வாய்ப்பு. அந்தக் குறை தெரிந்தே சொல்கிறேன்: தேர்ந்தெடுப்பதும் கணக்குக் கேட்பதும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகள் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. நாம் முதல் பகுதியைக் கொண்டாடுகிறோம். இரண்டாவதைக் கல்லிலேயே விட்டுவிட்டோம்.

இரு பக்கமும் நின்று பார்த்தவர் ஒருவரையும் காஞ்சிபுரம் தந்திருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1957-ல் காஞ்சிபுரத்தில் வென்று, சிறிய எதிர்க்கட்சியின் தலைவராகப் பேரவையில் கேள்வி கேட்டார். 1962-ல் இதே தொகுதியில் தோற்று மாநிலங்களவைக்குச் சென்று அங்கேயும் கேட்டார். 1967-ல் முதலமைச்சராகிப் பதில் சொல்லும் இடத்தில் அமர்ந்தார். இன்று கேட்பவர் நாளை பதில் சொல்ல நேரும். இதை நினைவில் வைக்கும் எந்தக் கட்சியும் கேள்வி நேரத்தின் பல்லைப் பிடுங்கத் துணியாது.

செய்ய வேண்டியவை

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் ஒவ்வோர் ஊடையிலும் கோர்க்காவிட்டால் கரை தனியே நின்றுவிடும். பின்தொடரப்படாத பதிலும் அப்படித்தான். எனவே, உறுதிமொழிகளின் பட்டியலை நாடாளுமன்றமும் பேரவையும் துறைவாரியாக, மாவட்டவாரியாக, தேதியோடு தமிழில் வெளியிட வேண்டும். தேதி தவறினால் அதே அமைச்சர் அவையில் காரணம் சொல்ல வேண்டும். உண்மையிலேயே ரகசியமான பாதுகாப்பு விவரங்களை, 1993 முதல் மூடிய அறையில் கூடும் துறைசார் நிலைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். ரகசியமா இல்லையா என்பதை அவைத் தலைவர் முடிவுசெய்யட்டும். வாரம் ஒரு நாள் பிரதமரும் முதலமைச்சரும் தங்கள் துறைகளுக்குத் தாங்களே பதில் சொல்லட்டும்.

இவற்றில் ஒன்றுகூடத் தானாக நடக்காது. வாக்காளர் கேட்டால்தான் நடக்கும். தொகுதிக்கு வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் ‘அவையில் எத்தனை கேள்வி கேட்டீர்கள்?’ என்று கேட்பது போதாது. கேள்வி எண்ணிக்கைக்கு விருது தரும் காலம் இது. ‘உங்கள் கேள்விக்கு அமைச்சர் என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் என்றார், அந்தத் தேதி போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்போம். இந்த மூன்றுக்கும் விடை வைத்திருப்பவருக்கே அடுத்த முறை நம் வாக்கு என்று சொல்வோம்.