தோல் ஊரில் தோல் வார் போச்சு!

பெயர் மட்டும் அதே 'சலூன்'. உள்ளே இருந்ததெல்லாம் போச்சு!

தோல் பதனிடும் மேல்விஷாரத்திலேயே கத்தி தீட்டும் தோல் வாரைத் தேடத்தான் வேண்டும். அதற்காக அழ வேண்டாம். 1986-ல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி தெரிய வந்தது. அதன் பிறகு ஆளுக்கொரு பிளேடு என்று ஆனது நல்லதுதான்.

போகக் கூடாதது அந்த மர பெஞ்சு! ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். முடி வெட்ட வராத தோல் ஷாப்பு தொழிலாளியும் உட்கார்ந்து கேட்பார். படிக்காதவருக்கு அதுதான் பள்ளிக்கூடம். திராவிடக் கட்சிகள் வளர்ந்ததில் பாதி சலூன் பெஞ்சில்தான்!

இப்போ ஏ.சி., சுழல் நாற்காலி, ஆளுக்கொரு செல்போன். பேச்சு மூச்சு இல்லை.

தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் சலூனுக்குள்ளேயே நூலகம் வைத்தார். 2020 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அவரோடு பேசினார். இங்கே நூலகம்கூட வேண்டாம்ப்பா. ஒரு பெஞ்சு, ஒரு பேப்பர். கடைக்காரர்கள் மனசு வைப்பார்களா?