முதல் நாள் எந்த ரேஞ்சுக்கு?

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, பிள்ளையைத் துப்பாக்கி சுடுதலில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் அடுத்தபடி கேட்பது, எந்த ரேஞ்ச் பெரியது, எந்த கோச் பதக்கம் வாங்கியவர் என்பதுதான். அதெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவைக்குச் சத்தம் குறைந்த இடமாகப் பாருங்கள்.

.22 ரைஃபிளின் வெடிச்சத்தம் காதருகே 140 டெசிபலை நெருங்கும். சுவரும் கூரையும் இருந்தால் எதிரொலி வேறு. பக்கத்து லேனில் யாரோ சுட, நம் பிள்ளை திடுக்கிடும். நாலு முறை திடுக்கிட்டால் போதும், டிரிகரைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும், தோள் இறுகும். ஒட்டிக்கொண்ட அந்தப் பழக்கத்தைப் போக்க கோச் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. காதை அடைத்துக்கொண்டால் ஆயிற்றே என்பீர்கள். .22 சுடும் இடத்தில் அது கட்டாயம்தான். ஆனால் ‘ஸ்டாப்’ என்று கோச் கத்துவதும் புதியவருக்குச் சரியாகக் கேட்காது. கேட்டே ஆக வேண்டிய வார்த்தை அது.

அதனால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குத் தனி ஹால் உள்ள ரேஞ்ச்தான் என் தேர்வு. அழுத்திய காற்றில் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் போகும். ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னுதைப்பு பெயருக்குத்தான். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இதில்தான். பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர்!

சனி, ஞாயிறு வேண்டாம். போட்டிக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் போனால், பள்ளிப் பிள்ளைகள் கிளம்பியிருப்பார்கள், கோச்சுக்கும் பேச நேரம் இருக்கும். நீங்கள் மட்டும் முன்னதாகப் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சுடாத துப்பாக்கியின் குழலில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா? ஒருவர் இலக்கு அட்டையை மாற்றப் போகும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் நிற்கிறார்களா? துப்பாக்கியை நீட்டி யாராவது செல்ஃபி எடுத்தால், கட்டணம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று: பெல்லட் பெரும்பாலும் ஈயம். சுட்டு முடித்ததும் பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்கட்டும்.