சித்தப்பாவின் மாரடைப்பு

கொழுப்பு என்றதும் தேங்காய்ப்பாலையும் இறாலையும் குற்றக்கூண்டில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்றும் ஈரலின் ஏற்பிகள் ஒரு மரபணுவின் கட்டளைப்படியே உருவாகின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரவுணும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த மரபணு பழுதானால் மெலிந்த உழைப்பாளிக்கும் நாற்பதுகளில் மாரடைப்பு வரலாம்; ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட இரண்டில் ஒரு வாய்ப்பு.

எனவேதான் வைத்தியர் குடும்ப வரலாறு கேட்கிறார். முல்லைத்தீவில் அதுவே சிக்கல்.

2009 இறுதிப் போரில் குடும்பத்தில் பாதியை இழந்தவர், தந்தையின் இதயம் எப்படியிருந்ததென்று யாரிடம் கேட்பார்? எஞ்சிய உறவு கனடாவில். ‘சித்தப்பாவுக்கு இந்த வயதிலேயே பைபாஸ்’ என்று தொலைபேசியில் வரும் செய்தி, கிளினிக் கொப்பியில் பதியப்பட வேண்டிய தகவல். வரலாறே தெரியாதவர்களுக்கு, வயது பாராமல் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்ய மாவட்டச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.