நாவுக்கொரு பயிற்சிக்களம்

தமிழ்நாட்டு மாணவர் முதல் வகுப்பு முதலே ஆங்கிலம் பயில்கின்றனர். ஆயினும், இலக்கண வினாக்களுக்குப் பிழையின்றி விடையெழுதும் பலர், நேர்காணலில் நான்கு தொடர்களைப் பேசத் தயங்குகின்றனர். இதற்குக் காரணம் பழக்கமின்மையே. நாற்பது பேர் பயிலும் வகுப்பில், 45 நிமிடப் பாடவேளை முழுவதையும் மாணவர்க்கே பகிர்ந்தளித்தாலும், ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்திற்குச் சற்றே மிகுதியான நேரம். எழுதிப் பழகிய கைக்குக் கிடைத்த வாய்ப்பு, பேச வேண்டிய நாவுக்குக் கிடைக்கவில்லை.

இக்குறையை இணையக் கருவிகள் பெருமளவு ஈடுசெய்யும். இணைய அகராதிகள் சொற்களை ஒலித்துக் காட்டுகின்றன. 1943ஆம் ஆண்டு வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய பிபிசி, இன்று இணையத்தில் ஒலிப்பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஒரு தொடரைக் கேட்டு, அவ்வாறே ஒலித்து, தம் குரலைத் திறன்பேசியில் பதிவுசெய்து ஒப்பிடும் மாணவர், தம் பிழையைத் தாமே கண்டறிவர். சான்றாக, 'ரெக்கார்டு' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் அசையை அழுத்தி ஒலித்தால் அது பெயர்ச்சொல். இரண்டாம் அசையை அழுத்தினால் வினைச்சொல். அச்சிட்ட பக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். செவிக்கே வேறுபாடு புலப்படும். மேலும், கருவி எள்ளி நகையாடுவதில்லை. நூறுமுறை தவறினாலும் சலிப்பதில்லை. கூச்சத்தால் வாய்திறவாத மாணவர்க்கு இது பெருந்துணை.

எனினும், கருவியின் தீர்ப்பே முடிவானதாகாது. பேச்சை உணரும் மென்பொருள், தான் பயின்ற குரல்களைக் கொண்டே மதிப்பிடுகிறது. அவற்றுள் குறைவாக இடம்பெற்ற ஒலிப்புமுறையை அது தவறெனக் கொள்ளக்கூடும். தமிழர் பேசும் ஆங்கிலத்தில் தமிழின் சாயல் இருப்பது இயல்பு. கேட்போர்க்குப் பொருள் விளங்காதபோதே திருத்தம் தேவை. எது இயல்பு, எது பிழை எனப் பிரித்துக்காட்ட ஆசிரியர் வேண்டும்.

வீட்டிலுள்ள ஒரே திறன்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டு மாணவ மாணவியர்க்கு 'இணையத்தில் பயில்க' என்னும் அறிவுரை மட்டும் பயன்தராது. அரசு மேல்நிலைப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் பேச்சுப் பயிற்சிக்கெனத் தனி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அங்குப் பயின்ற பொருளை மறுநாள் வகுப்பில் சக மாணவரோடு உரையாடச் செய்தல் வேண்டும். எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பறிந்து சொல்லை மாற்றும் திறன், மனிதரோடு பேசும்போதே வாய்க்கும். கருவியோடு தனித்துப் பழகிய நா, அவையில் அச்சமின்றிப் பேசுவதே இப்பயிற்சியின் பயனாகும்.