இருப்பும் கணக்கும்

பண்டகசாலையிலுள்ள பொருள் எந்நாள் தீரும் என்று முன்னறிதல் மக்களுக்கு மிகப் பழைய கவலையாகும். எகிப்து தேசத்தில் யோசேப்பு, செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கும்படி யோசனை கூறியதை வேதாகமம் உரைக்கின்றது. அன்று ஒருவர் தாங்கிய இப்பொறுப்பை இன்று கணினியினிடத்து ஒப்புவித்துள்ளோம்.

மைக்ரோஸாப்ட் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர் பி.ஐ. போன்ற மென்பொருள்களைக்கொண்டு, கையிருப்பைச் சராசரி நாட்செலவால் வகுத்து, வரும் ஈவை இன்றைய தேதியுடன் கூட்டி, 'இப்பொருள் இந்நாளில் தீரும்' என்று திரையிற் காணலாம். இதனை நாம் இகழ்கின்றோமல்லோம். ஆயிரம் பொருள்களுக்கு நாடோறும் கையால் வகுத்துப் பார்த்தல் எவர்க்கும் அரிது. ஆயினும், வகுத்தல் சரியாயிருந்தும் விடை பொய்யாகக்கூடும் என்பதே ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு மருத்துவமனையில் ஒருவகை மாத்திரை 1,200 இருப்பில் உள்ளது. சென்ற 30 நாட்களில் வழங்கியவை 900. நாளொன்றுக்கு 30 ஆகவே, 40 நாட்களுக்குக் கவலையில்லை என்று கணினி கூறும். புதுச்சரக்கு வந்துசேர 30 நாட்கள் ஆகுமெனின், இன்னும் 10 நாள் பொறுத்து எழுதலாமென்று அதிகாரி அமைதியுறுவார். ஆனால் சென்ற 30 நாட்களுள் 10 நாட்கள் அம்மாத்திரையே இல்லாதிருந்தது எனக் கொள்வோம். அந்நாட்களில் வழங்கியது பூஜ்யம். வேண்டி வந்தோர் பூஜ்யமல்லர். மாத்திரை இருந்த 20 நாட்களால் வகுத்தால் நாட்செலவு 45 ஆகும். அப்போது இருப்பு 27-ஆம் நாளிலேயே தீரும். இன்றே எழுதினாலும் 3 நாட்கள் நோயாளர் வெறுங்கையராய்த் திரும்புவர். 10 நாள் பொறுத்து எழுதினாலோ 13 நாட்கள். அந்த 13 நாட்களும் பூஜ்யமாகக் கணக்கேறிச் சராசரியை மேலும் தாழ்த்தும். இங்ஙனம் ஒருமுறை நேர்ந்த தட்டுப்பாடு அடுத்த தட்டுப்பாட்டுக்கு வித்தாகின்றது.

1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டங்களிற் கிடங்குகள் அமைத்து, அவற்றின் இருப்பைக் கணினிவழி அறிந்து மருந்து வழங்கும் முறையில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியாயிற்று. அத்தகைய நன்முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. கிடங்கினின்று வெளிச்சென்ற பெட்டியும் நோயாளியின் கையிற் சேர்ந்த மருந்தும் ஒன்றல்ல. பின்னதை எழுதுவோர் மருந்து வழங்குமிடத்தில் நிற்கும் ஊழியரே.

ஆதலின், மூன்று வழக்கங்கள் வேண்டும் என்பது நமது கருத்து. முதலாவது, சரக்கு இருந்த நாட்களால் மட்டுமே வகுத்தல். இரண்டாவது, கேட்டுக் கிடையாது திரும்பினோரையும் குறித்தல். மூன்றாவது, சென்ற மாதத்தோடு சென்ற ஆண்டின் இதே மாதத்தையும் ஒப்பிடுதல். கோடையின் சராசரி ஐப்பசி மழையிற் பெருகும் காய்ச்சலை அறியாதன்றோ? 'வேலைமிகுதியால் இவற்றை எழுத நேரமில்லை' என்பர் சிலர். திரும்பிச்சென்ற ஒருவருக்கு ஒரு கோடு கீறுதல் நொடிப்பொழுதின் வேலை. அது கீறப்படாமையால் நேரும் இன்னலோ, மருந்தின்றி வீடு திரும்பும் ஏழைக்கே உரியது.

வணிகவியலும் புள்ளியியலும் பயிலும் நம் மாணவர் பலர் நாளை இத்தகைய கணக்குகளுக்குப் பொறுப்பாளராவர். திரையில் ஒரு தேதியைக் கண்டவுடன் அதனை நம்பிவிடாமல், அது எந்த ஏட்டிலிருந்து வந்தது, அவ்வேட்டில் எழுதாது விடப்பட்டவர் யாவர் என்று அவர்கள் வினவுவார்களாக.