ஹோல்பைன் மேல் விழுந்த பழி

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆனின் சித்திரத்தைப் பார்த்து மயங்கி விவாகத்துக்கு இசைந்தார் என்றும், நேரில் கண்டபோது திடுக்கிட்டார் என்றும், இல்லாத அழகைத் தீட்டி ஏமாற்றிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் அன்றே ராஜ தயவை இழந்தார் என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதை சுவையானதுதான், சாட்சியங்களை விசாரித்தால்தான் குற்றம் நிற்கவில்லை.

ஜெர்மனியின் ஔக்ஸ்பர்க் நகரில் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பாஸல் நகரில் தொழில் நடத்தி, அறிஞர் எராஸ்மஸின் சிபாரிசுக் கடிதத்தோடு 1526-இல் இங்கிலாந்து சென்ற ஹோல்பைன், பிற்பாடு ஆண்டுக்கு 30 பவுன் சம்பளத்தில் அரண்மனை ஓவியராய் அமர்ந்தவர். 1539 கோடையில் டூரன் நகருக்குச் சென்று ஆனையும் அவள் தங்கை அமாலியாவையும் அவர் தீட்டியபோது அங்கிருந்த தூதர் நிக்கொலஸ் வாட்டன், இரு முகங்களும் உயிருள்ளபடியே வந்திருக்கின்றன என்று எழுதினார். வாட்டன் முகஸ்துதிக்காரர் அல்லர்; இளவரசிக்குத் தாய்மொழி தவிர வேறு மொழி தெரியாது, பாட்டும் வாத்தியமும் அறியாள், ஊசி வேலையில்தான் பொழுது கழிக்கிறாள் என்று ஒளிக்காமல் எழுதியவரும் அவரே.

நீண்ட மூக்கை மறைக்கவே முகத்தை நேர்முகமாக வரைந்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதற்கு முந்திய ஆண்டில் பிரஸ்ஸல்ஸில் மூன்றே மணி நேரம் அமரவைத்துக் குறிப்பெடுத்து வரைந்த டென்மார்க் இளவரசி கிறிஸ்டினாவும் நேர்முகமாகத்தானே நிற்கிறாள்! லூவர் மாளிகையில் உள்ள ஆனின் படத்தைச் சற்று நின்று பாருங்கள்: முத்துப் பதித்த பொற்கரையும் சிவப்பு வெல்வெட்டும் தலையணியின் மெல்லிய துணியும் மயிரிழை தவறாமல் தீட்டப்பட்டிருக்க, கனத்த இமைகளும் கோத்த கைகளுமாக அந்தப் பெண் சிரிப்புமின்றி, வசீகரமுமின்றி, பொறுமையாக நம்மைப் பார்க்கிறாள். மயக்க எண்ணியவன் வரையும் முகமா இது?

அப்படியானால் மன்னருக்கு ஏன் பிடிக்கவில்லை? 1540 புத்தாண்டு நாளில் ராச்செஸ்டரில், சன்னலருகே நின்று கீழே நடந்த காளைச் சண்டையை அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாற்பத்தெட்டு வயதும் பருத்த உடலுமுடைய ஹென்றி மாறுவேடத்தில் நுழைந்து முத்தமிட, யாரென்று அறியாத அவள் அலட்சியமாய் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். காதலை எதிர்பார்த்து வந்தவருக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? அதன் பின் அவர் நொந்துகொண்டது அவளைப் பற்றிப் பிறர் சொன்ன புகழுரைகளை, படத்தை அன்று. அவர் அவளை ஃபிளாண்டர்ஸ் குதிரை என்று இகழ்ந்ததாகச் சொல்கிறார்களே, அச்சொல்லும் நூறாண்டுக்கு மேல் கழித்துப் பாதிரியார் பர்னெட்டின் நூலில்தான் தலைகாட்டுகிறது. விவாகம் ஜூலையில் ரத்தானதற்குச் சொல்லப்பட்ட காரணங்களும் லொரேன் பிரபு குமாரனோடு முன்னரே நடந்த நிச்சயமும், தாம்பத்தியம் நிகழாமையுமே.

தலை உருண்டது உண்மை. ஆனால் அது விவாகத்தை முன்நின்று முடித்த மந்திரி தாமஸ் கிராம்வெல்லின் தலை. அதற்குப் பின் அரசர் ஹோல்பைனைப் பெண்பார்க்க அனுப்பவில்லையே என்பார்கள். அனுப்பத் தேவை எங்கே வந்தது? அடுத்த மணமகள் காதரின் ஹவார்ட், ஆனின் தோழிப் பெண்ணாக அரண்மனைக்குள்ளேயே இருந்தாள். ஹோல்பைனோ லண்டனிலேயே தங்கி, நாவிதர்-வைத்தியர் சங்கத்தாருக்கு அரசர் சாசனம் அளிக்கும் பெரும் படத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது முடியுமுன்னே, 1543 அக்டோபர் 7-ஆம் தேதி உயில் எழுதினார். சாமான்களையும் குதிரையையும் விற்றுக் கடனை அடைக்க வேண்டும், செவிலியிடம் வளரும் இரு குழந்தைகளுக்கு மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டும் என்பதே அதிலுள்ள விஷயம்.